ஐஸ் பெட்டிக்குள் போயிருந்த வயர்

வயர் நனைந்திருந்தது. மழை பெய்யவில்லை, ஆற்றின் மேலிருந்த பனியும் விலகியிருந்தது. ஆனாலும் ஐஸ் பெட்டியின் மூடி இடுக்கிலிருந்து வந்த மெல்லிய கறுப்பு வயரில் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது. இன்று காலை நான் முதலில் கண்டது அதைத்தான்.

என் பெயர் பழனியாண்டி தர்மிளா. வயது பதினேழு. கித்துல்கலவில் ஆற்றுக்கு மேலுள்ள இறப்பர்த் தோட்டத்தின் கீழ்ப்பிரிவு லயத்து வரிசை வீடொன்றில் அம்மாவோடு வசிக்கிறேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தினேன். ஆற்றில் படகு ஓட்ட வருகிறவர்களுக்கு நிரஞ்சன் முதலாளி வாடகைக்குக் கொடுக்கும் வீட்டு வேனைத் துப்புரவு செய்வது என் வேலை. வேனின் கூரையில் சோலார் தகடுகளும், கட்டிலுக்குக் கீழே இரண்டு பெட்டரிகளும், சுவரில் அவற்றுக்குச் சார்ஜ் அனுப்பும் கண்ட்ரோலரும் உண்டு. தகடுகளுக்காக வேனை எப்போதும் வெயிலில்தான் நிறுத்துவார்கள்.

அதன் பிறகு முதலாளி புதிதாக வந்தவர்களைக் கூட்டி வந்து, கண்ட்ரோலரின் சிறிய திரையைக் காட்டி, "ஆறு டிகிரி. ஐஸ் பொட்டின்னா இதுதாங்க பொட்டி" என்றார். அவர்கள் சிரித்துவிட்டுப் படகுக்குப் போனார்கள். நான் தரையைத் துடைத்தேன். இறப்பர் இலைகளின் நிழல் ஜன்னலில் மீன்கள் போல அசைந்துகொண்டிருந்தது. கட்டிலுக்குக் கீழே ஏதோ மெல்லக் கொதிப்பது போன்ற சத்தம் கேட்டது. அது ஆற்றின் சத்தம் என்று நினைத்தேன்.

அதன் பிறகு வெயில் ஏறியதும் கூழ்முட்டை நாற்றம் வந்தது. நான் வெளியே இறங்கி நிற்கும்போது உள்ளே பட்டென்று வெடித்தது. யாருக்கும் காயமில்லை. ஒரு பெட்டரி உப்பி, பக்கம் பிளந்து கிடந்தது.

அதன் பிறகு முதலாளி பொலிசுக்கும், பெட்டரிகளைப் பூட்டிய மின்வேலை பாஸ், தெரணியகலை இந்திரகுமார் அண்ணனுக்கும் போன் செய்தார். எல்லோரும் வந்ததும், "பழைய பெட்டரிக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டி என் தலையில கட்டிட்டான் சேர், இவனெல்லாம் ஒரு பாஸ்" என்றார். இந்திரகுமார் அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, "பெட்டரியில ஒட்டுன வயர் எங்கங்க? சூடு பாக்குற வயர்" என்று கேட்டார். "அப்படி ஒன்னு நீ போடவே இல்லியே" என்றார் முதலாளி. பொலிஸ் சார்ஜன்ட் இந்திரகுமார் அண்ணனை ஜீப்பில் ஏறச் சொன்னார். "நான் ஜீப்புல ஏறுனா அப்புறம் எவன் சேர் எனக்கு வேல குடுப்பான்?" என்று சொல்லி அவர் ஒரு காலை மட்டும் படியில் வைத்து நின்றார்.

காலையில் கண்ட வயர் என் நினைவுக்கு வந்தது. நான் வேனுக்குள் ஏறி, ஐஸ் பெட்டியைத் திறந்து, அந்த வயரை இழுத்தேன். சோடாப் போத்தல்களுக்கு நடுவிலிருந்து விரல் நுனி அளவான அதன் முனை வந்தது. பழைய ஒட்டுநாடா அதில் இன்னும் சுருண்டிருந்தது. "என்ன நங்கி செய்ற?" என்று சார்ஜன்ட், தங்கச்சி என்பதைச் சிங்களத்தில் சொல்லி, வாசலில் நின்று கேட்டார். நான் முனையைக் கைக்குள் மூடிப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். ஆறு என்றிருந்தது ஒன்பதானது. பிறகு பதினான்கு, இருபத்திரண்டு. என் கைச்சூடு சுவரில் எண்ணாக ஏறிக்கொண்டே போனது, முப்பத்திமூன்றில் நின்றது.

அதன் பிறகு இந்திரகுமார் அண்ணன் ஜீப்பிலிருந்து காலை எடுத்துவிட்டு உள்ளே வந்தார். "சூடான பெட்டரிக்குச் சார்ஜக் கொறைக்கணும், குளுந்ததுக்குக் கூட்டணும் சேர். இது ஐசுக்குள்ள கெடந்தா, பெட்டரி குளிருல நடுங்குதுன்னு அந்த மெசின் கூட்டிக் கூட்டித்தானே குடுக்கும்" என்றார். முதலாளி தலையைச் சொறிந்தார். "ஒட்டு கழண்டு பொட்டி பக்கத்துல தொங்கிச்சு. பொட்டியோட வயருன்னு நெனச்சு நாந்தான் உள்ள விட்டேன்" என்றார். சார்ஜன்ட் ஜீப்பின் கதவைச் சாத்தினார், யாரையும் ஏற்றாமல்.

நான் சொன்னதை அவர் தமிழில் எழுதி, எனக்கு வாசித்துக் காட்டினார். கண்டதையும் கேட்டதையும் செய்ததையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லியிருக்கிறேன். பேனையை வாங்குவதற்கு முன், இன்னும் ஈரமாயிருந்த கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, கையொப்பமிட்டேன்.

ப. தர்மிளா