ஹாலிஎல சந்தியில் கட்டிய பேனர்

ஒரு வீட்டில் இரண்டு கணினிகள் இருந்தால் கோப்புகளை பென் டிரைவில் சுமந்து திரிய வேண்டியதில்லை, ஐயா. ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்துவிட்டால் போதும்.

எங்கள் ஹாலிஎல வீட்டில் என் மனைவி ஜெயந்தினி முன்னறைக் கணினியில் கண்ணீர் அஞ்சலி பேனர்களை வடிவமைப்பாள். அச்சு இயந்திரம் என் அறைக் கணினியோடு இருக்கிறது. அவள் ‘அஞ்சலி’ என்ற ஃபோல்டரில் போடுவாள். நான் எடுத்து அடிப்பேன்.

ஸ்பிரிங்வெளி பெரியாயி அம்மாவின் பேனரில் மூத்த மகன் பெயர் இல்லை. பன்னிரண்டு வருடப் பகை. நான் கோப்பைத் திறந்து அவன் பெயரைச் சேர்த்தேன். அதைப் பார்த்துவிட்டு அவன் வந்தான். தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதான். ஒரு பெயர்தான். அன்று முருகனுக்கு விளக்கேற்றினேன். பிறகு பல பேனர்களில் இப்படிச் சிறு உதவிகள் செய்தேன்.

ஜெயந்தினி கண்டுபிடித்துவிட்டாள்.

“சாவு வீட்டுக்காரங்க சொல்லாத பேரை எதுக்குங்க போடுறீங்க? இனிமே நீங்க பார்க்கலாம், மாத்த முடியாது” என்று ஃபோல்டரைப் பூட்டினாள்.

மாற்றத்தான் முடியாது. நகலெடுக்க முடியும்.

பக்கத்து லயத்து வீட்டு வீரசிங்கம் அண்ணனின் மகன்மார் விஜேந்திரனும் புவனேந்திரனும் ஒருவரையொருவர் கண்டால் பாதை மாறுகிறவர்கள். அப்பா செத்த பிறகு சேர்வதைவிட, அவர் கண்ணால் பார்க்கச் சேர்ந்தால் நல்லதல்லவா? பழைய பேனர் ஒன்றை நகலெடுத்து, தேர்த் திருவிழாவில் எடுத்த அண்ணனின் படத்தை வைத்து, இறந்த நாளுக்கு அன்றைய திகதியைப் போட்டு, காலையில் சந்தியில் கட்டினேன்.

எல்லவிலிருந்து விஜேந்திரன் வந்தான். பதுளையிலிருந்து புவனேந்திரன். பேனருக்குக் கீழேயே கட்டிப்பிடித்து அழுதார்கள்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கிக்கொண்டு வந்தார். பேனரை நிதானமாக வாசித்தார்.

“படம் நல்லாத்தான் விழுந்திருக்கு. எத்தனை மணிக்கு எடுக்கிறாங்களாம்?”

மகன்மாரின் கைகள் தோளிலிருந்து இறங்கின.

“இது ஒன் வேலைதானேடா?” என்றான் விஜேந்திரன்.

“அப்பன் சாவுக்கு அலையிறவன் நீதான்” என்றான் தம்பி.

எனக்குத் தாங்கவில்லை. அவர்கள் அழுகையில் பொய்யில்லை, ஐயா. பேனரில்தான் பொய் இருந்தது. பிழை எங்கே இருக்கிறதோ அங்கேதானே திருத்த வேண்டும்?

அன்று பின்னேரமே அண்ணனை வீட்டுக்குக் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தேன். கசப்புத் தெரியாமலிருக்கச் சீனியை அள்ளிப் போட்டேன். “இனிப்பு கூடிப்போச்சு தம்பி” என்று சொல்லிக்கொண்டே குடித்து முடித்தார்.

மறுநாள் மகன்மார் இருவரும் ஒரே பாடைக்குத் தோள் கொடுத்தார்கள்.

ஜெயந்தினிமேல் பிழையில்லை. அவளுடைய கோப்பில் ஓர் எழுத்தையும் நான் தொடவில்லை. கொலை என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பொய்யான பேனர் அடித்தவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஆறு மணிக்குள் உயிர் போய்விட்டது. திகதி சரியாகத்தான் இருக்கிறது.