லெமாரின் போனை எடுத்தது நான்தான்

எனக்கென்று கைப்பேசி கிடையாது. சட்டைப்பையில் கிடந்துகொண்டு ஆளைக் கூப்பிடும் சாமானை நான் நம்புவதில்லை. அதனால்தான் பயிற்சியாளர் வைட்லிக்கு என்மேல் நம்பிக்கை. ஆட்ட நாளில் கல்லூரி அணிப் பையன்கள் பேருந்தில் ஏறும்போதே போன்களை ஒரு துணிப்பையில் போட்டுவிட வேண்டும். அந்தப் பை, ஓட்டுநரான என்னிடம் இருக்கும்.

"பெரியவரே, ஜனாதிபதியே கூப்பிட்டாலும் ஆட்டம் முடியாம குடுக்காதீங்க," என்றார்.

"அவரு எதுக்குக் கூப்பிடப் போறாரு? வருஷா வருஷம் தோக்குற கூட்டம் நாம," என்றான் லெமார் ஹப்பர்ட். பேருந்தே சிரித்தது.

அவன் சொன்னது சரிதான். மார்ச் மாதக் கூடைப்பந்துப் போட்டியில் எங்கள் பிரிவுக் கல்லூரிகள் அத்தனையும் மோதும். கோப்பை வாங்குகிற ஒரே அணிதான் தேசியப் போட்டிக்குப் போகும். முப்பது வருஷமாகத் தோற்ற பையன்களையே ஏற்றிக்கொண்டு இண்டியானாவுக்குத் திரும்பியிருக்கிறேன். தோற்ற பேருந்தின் வாடை உங்களுக்குத் தெரியாது, வக்கீலம்மா. இந்தத் தடவை லெமார் இருந்தான். இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டோம்.

அன்று மத்தியானம் பையன்கள் அரங்கத்துக்குள் பயிற்சியில் இருந்தார்கள். நான் பேருந்தில் வான்கோழி சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தேன். பைக்குள் ஒரு போன் விடாமல் அடித்தது. எடுத்தேன். லெமாரின் அக்கா ரோண்டா.

"லெமார் எங்க? அம்மாவுக்கு ரொம்ப முடியல. சாயந்திரம் தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. உடனே கெளம்பச் சொல்லுங்க."

மருத்துவமனை மூன்று மணி நேரத் தூரம். போனால் ஆட்டத்துக்குத் திரும்ப முடியாது. தவிர, டாக்டர்கள் பேச்சை நான் எடுத்துக்கொள்வதில்லை. என் மனைவிக்கு ஆறு மாதம் என்றார்கள். ஒன்பது வருஷம் இருந்து என்னைத் திட்டினாள்.

"பையன் உள்ள இருக்கான்மா. சொல்றேன்."

"சொல்ல வேணாம், போனைக் குடுங்க. அம்மா காதுல வைக்கிறேன். ஒரு வார்த்தை பேசட்டும்."

கொடுக்காவிட்டால் அரங்கத்துக்கே போன் போடுவாள். கொஞ்சம் பொறுத்து, லெமார் மாதிரிக் குரலைத் தணித்து, "அம்மா," என்றேன்.

அவன் அம்மா மருந்து மயக்கத்தில் இருந்தாள். "வர்றியாடா கண்ணு?"

"வர்றேம்மா. தூங்கிடாத. நான் வர்ற வரைக்கும் இரு."

"இருக்கேன்," என்றாள்.

போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். தம்பி கிளம்பிவிட்டான் என்று ரோண்டாவும் நம்பியிருப்பாள்.

நல்ல ஆட்டம். ஒரு புள்ளியில் ஜெயித்தோம், அந்தப் புள்ளி லெமார் போட்டது. ஜெயித்த அணியின் வழக்கப்படி ஒவ்வொருவராக ஏணியில் ஏறி வளையத்து வலையை வெட்டினார்கள். லெமார் தான் வெட்டிய வலைத்துண்டைத் தொப்பியில் செருகிக்கொண்டு, "இது எங்கம்மாவுக்கு," என்றான். காலையிலிருந்து சரியாகச் சாப்பிடாதவன், வயிறாரச் சாப்பிடட்டும் என்று விட்டேன். அப்புறம்தான் போனைக் கொடுத்தேன்.

அவன் அம்மா அப்போதுதான் போயிருந்தாள்.

ரோண்டா சொன்னதை அவன் என் முகத்துக்கு நேராகச் சொன்னான்: "கதவையே பாத்துட்டு இருந்தாளாம். வலிக்கு ஊசி போட வந்தப்ப வேணாம்னுட்டாளாம். தூங்கிட்டா நான் வந்தது தெரியாதாம்."

அதற்கப்புறம் அவன் என்னோடு பேசுவதில்லை. வருத்தமில்லையா என்று நீங்கள் கேட்கிறீர்கள். டாக்டர் கொடுத்த கெடு சாயந்திரம். அவள் ராத்திரி பத்து மணி வரை இருந்தாள். அந்த நேரத்தை அவளுக்குக் கொடுத்தது யார் என்று அந்தப் பையன் இன்னும் யோசித்துப் பார்க்கவில்லை.