ஹார்ல்பெக்கில் முதன்முதலாக நின்ற ரயில்

ஹார்ல்பெக் ஊர்மன்றக் கூட்டம். அக்டோபர் பதினேழு, வியாழக்கிழமை. மாலை ஏழு மணி பன்னிரண்டு நிமிடம். நாற்காலிகள் எண்பது, வந்திருப்போர் நூற்று நாற்பத்தொருவர்.

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் ஊர்மன்றத் தலைவி வினிஃப்ரெட் ஓட்லி அம்மையார் அவர்களே! முன்வரிசையில் மூடிய கோப்போடும் மூடிய முகத்தோடும் அமர்ந்திருக்கும் ரயில்வே அதிகாரி அவர்களே! இரும்போடு இளமையைத் தேய்த்த பட்டறைப் பெரியோர்களே! பனியிலும் பிள்ளையைச் சுமந்து வந்த தாய்மார்களே! சிக்னல் பொறியாளன் கேலம் ரீவின் வணக்கம்.

ஞாயிறு முதல் எந்த ரயிலும் நம் ஊரில் நிற்காதாம். ஏன்? நீராவி எஞ்சின் எப்போதோ போயிற்று. அதற்குத் தண்ணீர் ஊற்றும் வேலையும் போயிற்று. தண்ணீருக்காகப் பிறந்த ஊரில் இனி நிற்கக் காரணம் இல்லையாம். சுற்றி வளைக்க எனக்கு வராது. அந்தக் கணக்கு தப்பு.

கண்களை மூடுங்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன், ஒரு நவம்பர் காலை. ஊர் இல்லை, ஓடை உண்டு. தெரு இல்லை, தண்டவாளம் உண்டு. பாலாய்ப் பரந்த பனி. அந்தப் பனிக்குள் செம்மறிகள் நடக்கின்றனவா, மிதக்கின்றனவா? யார் கண்டது! ஓடையோரம் ஒற்றை வீடு. அதில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேன் ஜோசையா டன்னிக்லிஃப். மகள் ஹெஸ்டருக்கு அன்று கல்யாணம்.

ரயில்காரர் வீட்டுக் கல்யாண வழக்கம் உங்களுக்குத் தெரியும். பனிநாளில் டிரைவரை எச்சரிக்கும் தகர வெடியைத் தண்டவாளத்தில் பொருத்துவார்கள். மணமக்கள் ஏறிய வண்டியின் சக்கரம் அதன்மேல் ஏறினால் டமார்! அதுவே வாழ்த்து. மணமக்களை ஏற்றிப்போகும் சரக்கு வண்டிக்காக மூன்று வெடி வைத்தார்கள். முந்திக்கொண்டு வந்ததோ, எங்கும் நில்லாத லண்டன் எக்ஸ்பிரஸ்! டமார், டமார், டமார்! மூன்று வெடித்தால் நிறுத்த வேண்டும். நிறுத்தினார் டிரைவர்.

"எவன்டா வெச்சது? முன்னால பாலம் கீலம் போச்சா?"

"பாலம் பத்திரமா இருக்குண்ணே. என் பொண்ணுக்குக் கல்யாணம்," என்றார் ஜோசையா.

"கல்யாணமா! நான் பிரேக் புடிச்ச புடியில எனக்குக் கருமாதி ஆயிருக்கும்யா!"

"ஆகலையே! வந்தது வந்தீங்க, ஒரு துண்டு கேக் தின்னுட்டுப் போங்க."

பனி விலகவில்லை. பட்டுப் பாவாடைகளும் பட்டணத்துத் தொப்பிகளும் புல்வெளியில் இறங்கின. பன்றித் தொடைக்கறி, பார்லி பீர், பிடில் இசை! முகம் தெரியாதவரோடு முகம் தெரியாதவர் பனிக்குள் ஆடினார்கள். கேக்குக்காகக் கை கழுவ ஓடைக்குப் போனான், எஞ்சினுக்குக் கரி அள்ளுபவன். சோப்பு பட்டதும் நுரை குவிந்தது, பனியோடு பனியாக!

டிரைவர் கத்தினார்: "டேய், இந்தத் தண்ணியில சுண்ணாம்பே இல்லடா! கொதிகலன்ல படிவே கட்டாதுடா!"

அப்புறம் வந்தது தண்ணீர்த் தொட்டி. அப்புறம் பட்டறை, அப்புறம் தெரு, அப்புறம் நாம்!

என்ன, பின்வரிசையில்? "தம்பி, அந்தக் கேக்கு எங்கப்பா?" இறைச்சிக்கடை ஸ்டான் அவர்களே, பொறுங்கள், சனிக்கிழமை கிடைக்கும்.

அதிகாரி அவர்களே, முதலில் வந்தது தண்ணீரா? இல்லை! தொட்டியா? இல்லை! காரணம் பிறந்த பிறகா ரயில் நின்றது? ரயில் நின்ற பிறகுதான் ஐயா காரணம் பிறந்தது! ஒரு பெண்ணின் கல்யாணத்துக்காக நின்ற இடம் இது. நின்று பார்த்தால்தானே தெரியும், நிற்கக் காரணம் உண்டா என்று!

பொறுமையோடு கேட்ட எல்லோருக்கும் நன்றி. கோப்பைத் திறந்துவிட்ட அதிகாரிக்குக் கூடுதல் நன்றி. வணக்கம். இனி நான் செய்யப்போவது:

1. சனிக்கிழமை காலை, மூன்றாம் வரிசையில் முகத்தை மறைத்துக்கொள்ளும் ரோவன் டன்னிக்லிஃப்பை, அந்த ஜோசையா வீட்டு வாரிசை, மணப்பேன்.

2. அன்று மாலை ரயிலில் இருவரும் கடற்கரைக்குப் போவோம். வெடி கிடையாது, சிக்னல்காரன் நான். ஸ்டான், உங்களுக்கும்தான் சொல்கிறேன்.

3. ஒரு வாரம் கழித்து, 'ஹார்ல்பெக்' என்று அச்சிட்டு ரயில்வேயே நேற்று எனக்கு விற்ற திரும்பும் டிக்கெட்டோடு ரயிலேறுவோம்.

4. ஓடை தெரிந்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு கதவருகே நிற்போம். நீங்கள் கேக்குக்காகக் கை கழுவிக்கொண்டு பிளாட்பாரத்தில் நில்லுங்கள்.