இரட்டைக் கதவு ரேஸர்

— மேசை மேல வச்சிருக்கேன் பாரு. இது என்னன்னு உன் வாயாலயே சொல்லு.

— ரேஸர்க்கா.

— யாரோட ரேஸர்? ரிப்பேருக்கு வந்த மிக்ஸியைக் கழட்டிக்கிட்டே பதில் சொல்லாத, ஸ்குரூடிரைவரைக் கீழ வை. அம்மா போய் எட்டு மாசமாச்சு, இன்னிக்குத்தான் அவங்க பீரோவைத் திறக்க எனக்கு மனசு வந்துச்சு. ரேஸர் வச்சிருந்த டப்பா காலி. பீரோ சாவி உன்கிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு. மனசு கேக்காம பாலத்தடிக்குப் போனா, பழைய சாமான் கடைக் கண்ணாடிப் பெட்டியில இது ஜம்முனு படுத்திருக்கு. நான் விக்கல.

— நானும் விக்கலக்கா.

— அப்ப அதுவே நடந்து போய்க் கடையில உக்காந்துச்சா?

— இது நம்ம வீட்டோடது இல்ல. கையில எடுத்துப் பாரு. தலை தனி, அடித்தட்டு தனி, பிடி தனி. மூணாக் கழலுது. ஓரத்துல சீப்பு மாதிரி பல் வேற. நம்மளோடது இப்படிக் கழலாது. பிடிக்கு அடியில ஒரு குமிழ் இருக்கும், அதைத் திருகினா மேல ரெண்டு கதவு விரியும், நடுவுல பிளேடை வைக்கணும். இடது கதவு லேசா நெளிஞ்சிருக்கும்.

— பழைய ரேஸர்னா எல்லாம் ஒண்ணுதானே. கடைக்காரர், இப்பல்லாம் இது வர்றதே இல்லம்மான்னார். நம்ம வீட்டு மானம் கடையில கிடக்கேன்னு பேரம்கூடப் பேசாம வாங்கிட்டு வந்துட்டேன்.

— திருப்பிக் குடுத்துக்கலாம்க்கா.

— பேச்சை மாத்தாத. நம்மளோடது எங்க?

— பத்திரமா இருக்கு.

— எங்கன்னு கேட்டேன்.

— அந்தத் துணிப்பையில.

— உன் பையில அதுக்கு என்ன வேலை? இரு, நானே எடுக்கறேன். ஈரமா இருக்கேடா.

— காலையில கழுவினேன். சரியாத் துடைக்கல போல.

— எதுக்குக் கழுவின? மீசை முளைச்ச நாள்லேர்ந்து நீ தாடிய எடுத்ததே இல்ல. மார் வரைக்கும் தொங்குது. எங்க அந்தக் குமிழ்? ஆங், திறந்துடுச்சு. பிளேடு புதுசு. கதவுக்கு அடியில சோப்பு காய்ஞ்சு போய்... இது என்னடா முடி? வெள்ளையா இருக்கு.

— அக்கா, கொஞ்சம் உக்காரு.

— உக்கார மாட்டேன். தினமும் மருந்துக் கடைக் கவுண்டர்ல நிக்கற கால்தான், இன்னும் கொஞ்சம் நிக்கும். உன் தாடியில ஒரு நரை கிடையாது. இது யார் மூஞ்சி முடி?

— உனக்குத் தெரியும்.

— தெரியாது. சொல்லு.

— அப்பாவோடது.

— அந்த வார்த்தையை என் காதுல போடாத.

— முதியோர் இல்லத்துல இருக்கார்க்கா, பஸ் டிப்போ தாண்டி. கை நடுங்குது. டம்ளரையே ரெண்டு கையால பிடிக்கிறார். அங்க இருக்கறவங்க என்னைக்காவது முடி வெட்டற மெஷினை ஓட்டிட்டுப் போயிடறாங்க, தோலெல்லாம் தடிச்சுப் போகுது.

— அடடா, தோல் தடிக்குதாமா. நான் பத்தாவது பரீட்சை எழுதிட்டு வீட்டுக்கு வர்றேன், அந்த ஆள் இல்ல. இந்த ரேஸரை மட்டும் ஜன்னல்ல வச்சுட்டுக் கிளம்பிட்டான். அன்னிலேர்ந்து ஒரு கடுதாசி உண்டா? ஊரார் துணியைத் தைச்சுத் தைச்சு அம்மாவுக்குக் கண்ணு மங்கிப் போச்சு. அப்ப யாரு வந்து பாத்தா? இப்ப ராஜாவுக்கு இருக்கற இடத்துக்கே வந்து சவரம். வெந்நீர் ஒத்தடமெல்லாம் உண்டா?

— உண்டு. துண்டை நனைச்சுக் கொஞ்ச நேரம் மூஞ்சில போட்டு வச்சாதான் முடி இளகும். அப்புறம் பிரஷ்ஷால நுரை. தோலை இழுத்துப் பிடிச்சு, ரேஸரைச் சாய்ச்சு வச்சா போதும், அதோட கனமே வேலையைச் செஞ்சுடும். கழுத்துல மட்டும் அவருக்கு முடி மேல் நோக்கி வளருது. அங்க கீழேர்ந்து மேல இழுக்கணும்.

— நான் வயிறெரிஞ்சு கேக்கறேன், நீ பாடம் நடத்தற. அந்த ஆள் கழுத்துல முடி எந்தப் பக்கம் வளருதுன்னு வரைக்கும் உனக்கு அத்துப்படி. அம்மா ஆஸ்பத்திரியில கிடந்தப்போ ராத்திரி பகலா உக்காந்திருந்தது நானு. நீ வந்து எட்டிப் பாத்துட்டுப் போனவன்.

— வாஸ்தவந்தான்க்கா. அதை நான் மறுக்கல.

— மறுக்காம இருந்து என்ன புண்ணியம்? அந்த ஆள் விட்டுட்டுப் போன ஒரே பொருள்னு இதை அம்மா எண்ணெய் போட்டுத் துடைச்சு வச்சிருந்தாங்க. தொட்டா நம்மளையே திட்டுவாங்க. அதைத் தூக்கிட்டுப் போய் அவன் மூஞ்சிலயே தேய்ச்சுட்டு வந்திருக்க. அம்மா மட்டும் இப்ப இருந்திருந்தா உன் மூஞ்சில முழிச்சிருக்க மாட்டாங்க. தாடி வச்சவனுக்கு இந்த வித்தையெல்லாம் யாருடா சொல்லிக்குடுத்தது? அந்த ஆளா?

— அம்மா.

— போனவங்க மேல பழியைப் போடாத.

— பழி இல்லக்கா. ஆஸ்பத்திரியில சேர்றதுக்கு முந்தி ஒரு நாள் என்னை அந்த இல்லத்துக்குக் கூட்டிட்டுப் போய் அவர் பக்கத்துல நிக்க வச்சாங்க. அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசல. அவங்களே சவரம் பண்ணிக்கிட்டு என்கிட்டதான் சொல்லிட்டே வந்தாங்க, கன்னத்துல அழுத்தாத, கழுத்துல மேல் நோக்கி இழுன்னு. முடிஞ்சதும் ரேஸரைக் கழுவி என் கையில குடுத்தாங்க.

— ஒரே ஒரு நாள் போனாங்களா?

— அவங்களோட நான் போனது ஒரு நாள். வியாழக்கிழமை ஆனா தையல் சொல்லிக்குடுக்கப் போறேன்னு உன்கிட்டச் சொல்லிட்டு வருஷக்கணக்கா அந்த இல்லத்துக்குத்தானே போனாங்க, அங்க தையல் மெஷினே கிடையாதுக்கா.