யானைவாசல்ல நூறு எண்ணின கதை

முன்ன ஒரு காலத்துல, ரயிலு இந்தப் பக்கம் வராத காலத்துல, இதே செம்பாறைக் கோட்டையில சடைச்சின்னு ஒருத்தி இருந்தாளாம். ஊர்க் குப்பையெல்லாம் கூட்டி அள்ளுறவ. அவ புருசன் முத்திருளன்.

கோட்டைக்கு ஒரே வாசல், இந்த யானைவாசல். சுடுகாட்டுக்கும் இது வழியாத்தான் வெளிய போகணும். எந்த எதிரிக்கும் தொறக்காத கதவுன்னு ஊருக்கு அப்படி ஒரு பெருமை. அந்தப் பெருங்கதவுலயே கீழ திட்டிவாசல்னு ஒரு சின்னக் கதவு இருக்கு, குனிஞ்சுதான் போகணும். பெரிய வீட்டுப் பாடை வந்தா பெருங்கதவு தொறக்கும். சடைச்சி தெருப் பொணம்னா திட்டிவாசல்தான். பாடை நுழையாது. காலப் பிடிச்சு இழுத்துட்டுப் போகணுமாம். சொல்லவே வாய் கூசுது.

ஒரு தடவை வெள்ளைக்காரன் ஒருத்தன் படம் பிடிக்கிற பெட்டியோட வந்தான். அப்ப ஊர்ப் பெரியதனம் குழந்தைவேலு. எங்க பாட்டனுக்குப் பாட்டன்தான், மறைச்சு என்ன ஆகப்போவுது. குறுக்க கணையமரம் போட்டுப் பூட்டின கதவுதான் ஊரோட மானம், அதுக்கு முன்னால நாங்க நிக்கிறோம், பிடின்னாராம். ஆனா படம் விழ வெயில் வேணும், அது வரல. ஒரே மூட்டம். ஒரு நாளாச்சு, ரெண்டு நாளாச்சு.

மொத நாளே முத்திருளன் செத்துப் போனான். சடைச்சி தெரு ஆளுகளோட பாடையக் கொண்டாந்து வாசல்ல இறக்கினா. திட்டிவாசல் வழியா இழுத்துட்டுப் போன்னாங்க.

"தூக்கிட்டுத்தான் போவேன். இழுத்துட்டுப் போகமாட்டேன்"னாளாம். அம்புட்டுத்தான். அங்கயே நின்னா.

மூணாம் நாள் வெயில் அடிச்சுது. பொணம் ஊதி, நீர் வடியுது. ஈ மொய்க்குது. பாடைய நகத்துங்கடான்னார் பெரியதனம். யாரு நகத்துறது? தொட்டாத் தீட்டாச்சே. ஒருத்தன் கை வைக்கல.

நான் நூறு எண்ணுவேன், அசைஞ்சா படத்துல மூஞ்சி விழாதுன்னு சொல்லிட்டு வெள்ளைக்காரன் எண்ண ஆரம்பிச்சானாம். சந்தனம் பூசி, பட்டு உடுத்தி, பத்துப் பேரு நிக்கிறாங்க. பாடையில இருந்த ஈ அங்க போச்சு. ஒருத்தன் மூக்கப் பொத்துறான். ஒருத்தன் தலைய உதறுறான். எங்க பாட்டன் குனிஞ்சு ஓங்கரிக்கிறார். த்தூ. பொணத்த நெனச்சு எனக்குக் குமட்டல, இவங்கள நெனச்சாத்தான் குமட்டுது. சடைச்சி மட்டும் பாடைக்குப் பக்கத்துல நிமுந்து நின்னா. ஈ அவ கண்ணுலயும் உக்காந்துச்சு. அசையல.

நூறு ஆச்சு. "எண்ணி முடிச்சாச்சுல்ல. இப்பக் கதவத் தொற"ன்னா.

தொறந்தாங்க. மனசு இளகித் தொறக்கல, நாத்தம் தாங்காமத் தொறந்தாங்க. முத்திருளன் நடுவாசல் வழியா தெரு ஆளுக தோள்ல போனான்.

ரெண்டு மாசம் கழிச்சுப் படம் வந்துச்சாம். எங்க வீட்டுலதான் இருக்கு, வந்து பாருங்க. கதவு இருக்கு, கணையமரம் இருக்கு, பத்துத் தலைப்பாகை இருக்கு. பத்துக்கும் மூஞ்சி இல்ல, ஈரத்துணியால அழிச்சாப்புல. மூஞ்சி தெரியிற ஒரே ஆளு சடைச்சி. பெரியதனம் அத பரண்ல கவுத்துப் போட்டாராம்.

அடுத்தாப்புல அவ தெருவுல சாவு விழுந்தப்ப, அதே இடத்துல பாடைய இறக்கி, எல்லாரும் அசையாம நின்னு நூறு எண்ணினாங்க. இன்னொரு மூணு நாள் நாத்தத்துக்குப் பயந்து கதவத் தொறந்துட்டாங்க. அன்னையிலிருந்து இந்த ஊர்ல எந்த வீட்டுப் பாடையா இருந்தாலும் யானைவாசல்ல இறக்கி, நூறு எண்ணித்தான் தூக்குறது. எண்ணுறது சடைச்சி வம்சத்து ஆளுதான்.

போன தையில எங்க அப்பா பாடைய அங்க இறக்கினோம். எண்பது எண்ணுறப்ப ஒரு ஈ வந்து எம் மூக்குல உக்காந்துச்சு. நான் கையத் தூக்கல.