வேண்டாம் என்று சொன்னவர்கள்

வஜ்தி: ...ஒரு வார்த்தை சொல்லிட்டு வர்றதுக்கு இவ்வளவு நேரமா அக்கா? உள்ள என்னதான் பண்ணின?

நஹ்லா: நான் எங்கடா நேரம் எடுத்தேன்? வக்கீல் ஃபிக்ரி மாமா தண்ணி குடிச்சார், கண்ணாடியத் துடைச்சார், அப்புறம்தான் கேள்வியே கேட்டார். நான் சொன்னது ஒரு வார்த்தைதான்.

வஜ்தி: எந்த வார்த்தை?

நஹ்லா: நேத்து உன் வீட்ல பேசி வச்சது. வேற எது? நீ?

வஜ்தி: நானும் அதேதான். "இல்ஹாம் வேண்டாம்"னேன். வெளிய வந்துட்டேன்.

நஹ்லா: அப்ப முடிஞ்சுது. அப்பா ஒரு ஓட்டு, நாம ரெண்டு ஓட்டு. இன்ஜினியர் இல்ஹாம் பையத் தூக்கிக்கிட்டு கிளம்ப வேண்டியதுதான்.

வஜ்தி: மெதுவா பேசு. அப்பா ரூம் ஜன்னல் திறந்திருக்கு.

நஹ்லா: கடல் போடற சத்தத்துல என்ன கேக்கும்? கேட்டாத்தான் கேக்கட்டுமே. மகனையும் மகளையும் பால்கனியில உக்கார வச்சிட்டு, கம்பெனிய எவளுக்கோ எழுதி வைக்கிறவர்தானே.

வஜ்தி: எழுதி வைக்கலையே. தான் ஒதுங்கிக்கிறேன், ரெண்டு வருஷமா நடத்தற அவளே இனிமேலும் தலைமையில இருக்கட்டும், உங்களுக்குச் சம்மதமான்னு கேக்கறார். ஒருத்தர் முகத்த ஒருத்தர் பாக்க வேண்டாம்னு தனித்தனியா வக்கீல்கிட்ட சொல்லச் சொன்னார். அவ்வளவுதான்.

நஹ்லா: அவ்வளவுதானா? நுபாரியாவுல பழம் பெட்டி போடற ஷெட்ல குளிர் அறையப் பாத்துக்க வந்தவ அவ. ஐரோப்பா வரைக்கும் போய்ப் படிச்சுட்டு வந்து பேங்க் கணக்கு பாக்கறது நான். பத்து வருஷமா உலகம் பூரா சுத்தி ஆரஞ்சு வித்தது நீ. பெட்டி மேல இருக்கறது நம்ம பேரு. இதுல அவ எங்கிருந்து வந்தா?

வஜ்தி: வயிறு எரியுது அக்காவுக்கு.

நஹ்லா: உனக்கு எரியலையாக்கும்.

வஜ்தி: எரியுது. நான் இல்லேன்னு சொல்லலையே.

நஹ்லா: சாப்பாட்டு நேரத்துல கவனிச்சியா? அப்பா டீயில சர்க்கரை இல்ல. நாப்பது வருஷமா அம்மா கெஞ்சினாங்க, நான் சண்டை போட்டேன். நாலு கரண்டிக்கு ஒரு கரண்டி குறையல. அவ ஒரு நாள், "ஹாஜி, நீங்க படுத்துட்டா நான் யார்கிட்ட திட்டு வாங்கறது?"னாளாம். மறுநாளே நிறுத்திட்டார். அதை என்கிட்டயே பெருமையா சொல்றார்.

வஜ்தி: இதெல்லாம் ஒரு விஷயமா? பினாங்கு லிம் கதை தெரியுமா உனக்கு?

நஹ்லா: உன் மலேசியா ஆளா?

வஜ்தி: நம்மகிட்ட பழம் வாங்கற ஆளு, என் கல்யாணத்துக்கே வந்தவர். அந்த வருஷம் செங்கடல்ல கப்பல் மேல ஏவுகணை விழ ஆரம்பிச்சுது இல்ல... கப்பல்காரங்க எல்லாரும் ஆப்பிரிக்காவச் சுத்தித்தான் போவோம்னுட்டாங்க. ரெண்டு பங்கு தூரம். பாதிப் பழம் கடல்லயே அழுகிடும். நான் லிம்முக்கு வாக்குக் கொடுத்துட்டேன், எப்படியாவது அனுப்பறேன்னு. பெட்டியெல்லாம் துறைமுகத்துல நிக்குது. இவ பொறுப்பு எடுத்த மறுநாள் என்ன பண்ணினா?

நஹ்லா: திருப்பிக் கொண்டு வந்தா. தெரியுமே.

வஜ்தி: என்னைக் கேக்காம. கேட்டா, "நீங்க வாக்குக் கொடுத்திருக்கீங்க, உங்களால மாத்த முடியாது, அதனால நான் மாத்தறேன்"ங்கறா. லிம்முக்கு அவளே போன் போட்டா. என்ன சொன்னா தெரியுமா? "அனுப்பினா பணம் எங்களுக்கு வரும், அழுகல் உங்களுக்கு வரும். அப்படி ஒரு வியாபாரம் எங்களுக்கு வேண்டாம்"னா.

நஹ்லா: கோவப்பட்டிருப்பாரே அந்த ஆளு.

வஜ்தி: ரெண்டு மாசம் பேசல. வேற ஊருக்காரங்க அனுப்பின பழம் அங்க போய் தோல் கறுத்து இறங்கிச்சு. அதுக்கப்புறம் எனக்குப் போன் பண்றார். எடுத்ததும் முதல் கேள்வி, "இல்ஹாம் நல்லா இருக்காங்களா?" என் குழந்தைங்களைப் பத்திக்கூட அப்புறம்தான் கேட்டார் அக்கா.

நஹ்லா: ...சிரிக்கக் கூடாது. ஆனா சிரிப்பு வருது.

வஜ்தி: சிரி, சிரி. உன்ன ஜூஸ் ஃபேக்டரிக்குக் கூட்டிட்டுப் போன கதை எனக்குத் தெரியாதா?

நஹ்லா: அது வேற.

வஜ்தி: என்ன வேற? கையெழுத்து போட மாட்டேன்னு குதிச்சியே.

நஹ்லா: குதிக்காம? நம்ம ஊர்ப் பவுண்டு மதிப்பு சரிஞ்சுக்கிட்டிருக்கு, பேங்க் கதவ மூடிட்டான். இந்த நேரத்துல இங்க பக்கத்துல புர்ஜ் அல் அரப் ஊர்ல பூட்டிக் கிடக்கற ஜூஸ் ஃபேக்டரி வேணும்ங்கறா. நாம பழம் விக்கறவங்க, நமக்கெதுக்கு ஜூஸ்னேன். வாதம் பண்ணவே இல்லடா அவ. கார்ல ஏத்திக்கிட்டுப் போனா. துருப்பிடிச்ச இயந்திரம், தரையெல்லாம் பறவை எச்சம். நடுவுல நின்னுக்கிட்டு, "நஹ்லா அம்மா, நான் நினைக்கறது தப்பாவும் போகலாம்"னா. தலைவரா இருக்கறவ பேசற பேச்சா அது?

வஜ்தி: அப்புறம் எப்படிக் கையெழுத்து போட்ட?

நஹ்லா: வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுப்போம்னா. "தப்பாப் போனா ஒரு சீசன் வாடகை போகும், கம்பெனி நிக்கும். சரியாப் போனா கப்பலையே நம்பி இருக்க வேண்டாம். எது நடக்கும்னு எனக்குத் தெரியாது. எது நடந்தாலும் நாம சாகாத மாதிரி ஒரு வழிதான் தேடறேன்"னா. நான் அதுக்கு மேல என்னத்தப் பேச?

வஜ்தி: அந்த வருஷம் பார்த்து பிரேசில்ல விளைச்சல் படுத்துது. ஜூஸ் விலை எங்கயோ போச்சு.

நஹ்லா: அதிர்ஷ்டம்.

வஜ்தி: அதிர்ஷ்டம்தான்.

நஹ்லா: ...அங்க மரத்துக்கு நோய் வந்திருக்குன்னு அவ முன்னாடியே படிச்சு வச்சிருந்தா. இருந்தாலும் அதிர்ஷ்டம்தான்.

வஜ்தி: ஆமா. நமக்கு மட்டும் ஏன் அந்த அதிர்ஷ்டம் வர மாட்டேங்குதோ.

நஹ்லா: சரி, அவ தப்பே பண்ணலையா? கருங்கடல் வழியா ரஷ்யாவுக்கு ஒரு சரக்கு அனுப்பினாளே. புயல்ல மாட்டி, மொத்தமும் குப்பைக்குப் போகலையா?

வஜ்தி: அதை ஏன் ஞாபகப்படுத்தற. அதுலதான் எனக்கு ரொம்ப எரியுது. ஷெட்ல எல்லாரையும் கூட்டி வச்சு, "இது என் முடிவு, என் தப்பு. வஜ்தி ஸார் வேண்டாம்னு சொன்னார், நான் கேக்கல"ன்னுட்டா. அங்க வேலை செய்யற அத்தனை பொம்பளைங்களும் என்னையே பாக்கறாங்க. நான் சொன்னது சரியாப் போயிருக்கு, ஆனா எனக்குத்தான் எங்க ஒளியறதுன்னு தெரியல.

நஹ்லா: அப்பா என்ன சொன்னார்?

வஜ்தி: என்ன சொல்வார்? "பாத்தியா, என்ன நெஞ்சுரம்!"ங்கறார். நான் ஒரு தடவ விலை தப்பாப் போட்டதுக்கு ரெண்டு வாரம் என் முகத்தப் பாக்கல மனுஷன். என் தப்பு முட்டாள்தனம், அவ தப்பு நெஞ்சுரம்.

நஹ்லா: "என் மக"ங்கறார் அவள. தெரியுமா? போன்ல. "இரு, என் மக வந்திருக்கா, அப்புறம் பேசறேன்"னு சொல்லி வச்சிட்டார். மறுமுனையில பேசிக்கிட்டிருந்தது நான்.

வஜ்தி: இதை நீ என்கிட்ட சொன்னதே இல்லையே.

நஹ்லா: சொல்லி என்ன ஆகப் போகுது. விடு. இன்னியோட முடிஞ்சுது. நாளைக்குக் காலையில நான் நுபாரியா போறேன். முதல்ல அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்த நிறுத்தணும்.

வஜ்தி: எந்தக் கூட்டம்?

நஹ்லா: அதான், வாராவாரம் ஷெட் ஜனங்க முன்னாடி நின்னு, "இந்த வாரம் எனக்குத் தெரிஞ்சது இது, தெரியாதது இது"ன்னு சொல்வாளே. தெரியாதத எவளாவது கூரை ஏறிச் சொல்வாளா?

வஜ்தி: அதனாலதான் அந்த வருஷம் ஒருத்தரும் வேலைய விட்டுப் போகலைங்கறாங்க. பக்கத்துக் கம்பெனியில "எல்லாம் சரியா இருக்கு, பயப்படாதீங்க"ன்னு ஒட்டி வச்சாங்க. பாதிப் பேர் அன்னிக்கே கிளம்பிட்டாங்க... அது சரி. நாளைக்கு நீ எதுக்கு நுபாரியா போற?

நஹ்லா: பின்ன யார் போறது?

வஜ்தி: நான் போறேன்.

நஹ்லா: நீயா?

வஜ்தி: சிரிக்காத. வாங்கறவங்களத் தெரிஞ்சவன் நான்.

நஹ்லா: வாங்கறவங்க இல்ஹாம் நல்லா இருக்காளான்னுல்ல கேக்கறாங்க. பேங்க்காரங்க என்னைத்தான் கேப்பாங்க. நான் மூத்தவ.

வஜ்தி: மூத்தவங்கறது பந்தியில முதல்ல உக்காரத்தான் அக்கா. நேத்து நீ இப்படிச் சொல்லலையே. "ரெண்டு பேரும் சேர்ந்து பாத்துக்கலாம்"னுதானே சொன்ன.

நஹ்லா: சேர்ந்துதான். நான் மேல, நீ கூட.

வஜ்தி: எனக்கு அப்பவே தெரியும். சின்ன வயசுலேர்ந்து இதேதான். அப்பா எனக்கு சைக்கிள் வாங்கினா ரெண்டு நாள் சாப்பிட மாட்ட.

நஹ்லா: எனக்கு வாங்கவே இல்லையேடா.

வஜ்தி: அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? இப்ப பாரு, இந்த மாசமே கப்பல்காரங்க திரும்ப முரண்டு பிடிக்கறாங்க. கால்வாய் வழியா வர்றோம்ங்கறான் ஒருத்தன், வரலைங்கறான் ஒருத்தன். சீசன் வாசல்ல நிக்குது. நீ என்ன பண்ணுவ, சொல்லு பாக்கலாம்.

நஹ்லா: நீ என்ன பண்ணுவ?

வஜ்தி: நான் முதல்ல கேட்டேன்.

நஹ்லா: ...எல்லாரையும் கூப்பிட்டு வச்சுப் பேசுவேன்.

வஜ்தி: சனிக்கிழமையா?

நஹ்லா: வாய மூடு. மாமா வர்றார்.

ஃபிக்ரி: ரெண்டு பேரும் இங்கதான் இருக்கீங்களா? காத்து இப்படி அடிக்குதே.

வஜ்தி: முடிஞ்சுதா மாமா?

ஃபிக்ரி: முடிஞ்சுது. உங்கப்பா கண்ணத் துடைச்சுக்கிட்டிருக்கார். கொஞ்சம் பொறுத்து உள்ள வாங்க. முப்பது வருஷமா எத்தனையோ குடும்பக் கம்பெனிக்கு வக்கீலா இருந்திருக்கேன். பிள்ளைங்க இப்படிப் பெருந்தன்மையா இருந்து நான் பாத்ததில்ல.

நஹ்லா: என்ன... பெருந்தன்மை?

ஃபிக்ரி: தனித்தனியாத்தானே கேட்டேன்? மூணு பேரும் ஒரே பதில். "இல்ஹாமே இருக்கட்டும்." எதிர்த்து ஒரு ஓட்டு இல்ல. ஹாஜி நம்பவே இல்ல, என்னை ரெண்டு தடவ சொல்லச் சொன்னார். நான் போய் அந்தப் பொண்ணுக்குப் போன் பண்ணிட்டு வர்றேன்.

நஹ்லா: "வேண்டாம்"னுட்டு வந்தேன்னு சொன்னியே.

வஜ்தி: நீயும்தான் பேசி வச்ச வார்த்தையச் சொன்னேன்னு சொன்ன.

நஹ்லா: என்னை முறைக்காத. அவ மேல பாசம் பொங்கி ஒண்ணும் சொல்லல. நான் அவ வேண்டாம்னு சொல்லிட்டா நாளைக்கு நீ அங்க போய் உக்காருவ. அவ உக்கார்ந்தா வயிறுதான் எரியும். நீ உக்கார்ந்தா எனக்குத் தூக்கமே போயிடும்டா.

வஜ்தி: அடிப்பாவி.

நஹ்லா: உண்மைய சொல்லிட்டேன். நீயும் அதுக்குத்தான் சொன்னேன்னு சொல்லு, சரிக்குச் சரியாப் போகட்டும்.

வஜ்தி: அப்படிச் சொல்லிட்டா நல்லாத்தான் இருக்கும்...

நஹ்லா: அப்ப எதுக்கு?

வஜ்தி: ஜெயிச்சா அவ இடத்துல நான் உக்காரணுமே அக்கா. ஷெட்ல அத்தனை பேர் முன்னாடி நின்னு "எனக்குத் தெரியாது"ன்னு சொல்லணுமே. சொல்லிட்டு, அடுத்து என்னன்னு முடிவும் எடுக்கணுமே.

நஹ்லா: பழகினா வந்துட்டுப் போகுது.

வஜ்தி: வராது. பாத்துட்டேன். கப்பலெல்லாம் திரும்பின அந்த வாரம், நம்மள விட்டுட்டு அப்பா நேரா அவகிட்ட போனார்னுதானே ரெண்டு வருஷமா பொருமிக்கிட்டிருக்கோம்? போகல. முதல்ல என்கிட்டதான் வந்தார். வாசல்ல நின்னுக்கிட்டே, "நீ எடுத்து நடத்து, எனக்கு வயசாயிடுச்சு"ன்னார். வேண்டாம்பா, என்னால முடியாதுன்னுட்டேன். அப்புறம்தான் அவகிட்ட போயிருக்கார். என் பொண்டாட்டிக்குக்கூட இது தெரியாது.

நஹ்லா: என்னிக்கு வந்தார்?

வஜ்தி: வியாழக்கிழமை. ஏன் கேக்கற?

நஹ்லா: முதல்ல உன்கிட்ட இல்லடா. புதன்கிழமையே என்கிட்ட வந்துட்டார். நானும் வேண்டாம்னுட்டேன்.