குத்துப்பட்டவன் கேட்கிறேன்

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் வணிகர் சங்கத் தலைவர் நல்லக்கண்ணு அண்ணாச்சி அவர்களே, கடையை அடைத்துவிட்டு வந்திருக்கும் கோவில்பட்டி வணிகப் பெருமக்களே, கரிசல் காட்டு வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் பேருந்தேறி வந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளை மடியில் இருத்தி முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் இந்த ஷேக் பரீத்தின் அன்பு கனிந்த வணக்கம்.

என்னை ஏன் மேடையேற்றினார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். விளாத்திகுளத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக மருந்துக்கடை நடத்துகிறவன் நான். சென்ற ஆண்டு பங்குனியில், பட்டப்பகலில், என் கடைக்குள்ளேயே கத்திக்குத்துப் பட்டவன். போதைக்கு அடிமையானவர்களைப் பிடித்து உள்ளே தள்ள வேண்டும், ஜாமீனே தரக்கூடாது என்று இன்று இங்கே ஒரு தீர்மானம் வரப்போகிறது. குத்துப்பட்டவனே குரல் கொடுத்தால் அதற்குக் கனம் கூடும் என்று தலைவர் நினைத்தார். குரல் கொடுக்கத்தான் வந்தேன். அதற்கு முன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். என் குற்றத்தை.

என்னைக் குத்தியவன் பெயர் லிங்கராஜ். வயது இருபத்தாறு. மிளகாய் வற்றல் மூட்டைகளை லாரியில் ஏற்றுகிற தொழிலாளி. ஒரு நாள் லாரியின் மேலிருந்து விழுந்தான். இடுப்பில் பலத்த அடி. டாக்டர் பத்து நாளைக்கு வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். பதினோராம் நாள் சீட்டு இல்லாமல் என் கடைக்கு வந்தான்.

"பாய், இடுப்பு கழண்டு போவுது. மூட்ட தூக்கலன்னா வீட்ல உல வைக்க முடியாது. இன்னைக்கு மட்டும் தாங்க."

கொடுத்தேன். இரக்கத்தில் கொடுத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் நாள் கொடுத்தது இரக்கம். இரண்டாம் மாதம் கொடுத்ததும் இரக்கமா? அவன் வலிக்காக விழுங்கவில்லை, விழுங்காவிட்டால் கை நடுங்குகிறது என்று கண்ணால் கண்ட பிறகும் கொடுத்தேனே, அதுவும் இரக்கமா? பிறகு மருந்து ஆய்வாளர் வரப்போகிறார் என்று பேச்சு வந்தது. அன்று பயந்து நிறுத்தினேன். "ஏலே, இனிமே இந்த வாசப்படி ஏறாத" என்று விரட்டினேன். அவனை ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போக எனக்குத் தோன்றவில்லை தாய்மார்களே, தோன்றவே இல்லை.

நான் மூடிய கதவுக்கு எதிரே இன்னொரு கதவு திறந்து கிடந்தது. நாற்கர சாலையோரம் பைக்கில் வந்து விற்கிறவர்கள் மாத்திரை தந்தார்கள், கஞ்சாவும் தந்தார்கள். மூன்றே மாதத்தில் அவன் வேலை போயிற்று. பங்குனி வெயிலில் ஒரு மதியம் கடைக்குள் வந்தான். கையில் கத்தி. "ஒரே ஒரு அட்டை தாங்க பாய்" என்றான். இல்லை என்றேன். கத்தி என் தோளில் இறங்கியது.

என்னால் மறக்க முடியாதது அந்தக் கத்தி அல்ல. குத்தியவன் ஓடவில்லை. தன் துண்டை உருவி என் தோளில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "பாய், ரத்தம் வருது பாய், யாராச்சும் வாங்களேன்" என்று அழுதான். போலீஸ் வரும்வரை அந்தத் துண்டிலிருந்து அவன் கையை எடுக்கவில்லை.

பின்வரிசையில் ஒரு அண்ணாச்சி, "அப்பம் அவன விட்டுறச் சொல்லுதீயளா?" என்று கேட்கிறார். இல்லை ஐயா. வழக்கு நடக்கிறது. நானே கூண்டேறிச் சாட்சி சொல்வேன். தண்டனை வந்தால் அவன் ஏற்கட்டும். நான் கேட்பது வேறு.

நாற்பது நாள் சிறையில் இருந்தான். ஆளைப் பூட்டினோம், அவன் நோயை யார் தொட்டோம்? ஜாமீனில் வந்த மூன்றாம் நாள் மறுபடியும் அதே சாலையோரம். அப்போதுதான் அவன் மனைவி தங்கமாரி என் வீடு தேடி வந்தாள்.

"அவிய செஞ்சது தப்புதான் பாய். மன்னிக்கச் சொல்லி வரல. இன்னொருத்தரையும் குத்திருவாவளோன்னு பயமா இருக்கு. மருந்தப் பத்தித் தெரிஞ்ச ஆளு எனக்கு நீங்க ஒருத்தர்தான். எங்க கூட்டிட்டுப் போவணும், அத மட்டும் சொல்லுங்க."

நான் அரசு மருத்துவமனைக்கு வழி சொல்லத் தொடங்கினேன். என் மனைவி ஷாஜாதி குறுக்கிட்டாள். "வழி சொன்னா அந்தப் பிள்ள எப்படித் தனியா கூட்டிட்டுப் போவும்? நீங்க கூடப் போயிட்டு வாங்க."

மறுநாள் காலைப் பேருந்தில் மூன்று பேர் இருக்கையில் உட்கார்ந்தோம். ஒரு பக்கம் என்னைக் குத்தியவன், மறுபக்கம் அவன் மனைவி, நடுவில் தோளைத் தூக்க முடியாத நான். இரண்டு பேருந்து மாறி அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். இருபத்தொரு நாள் படுக்கையில் இருந்தான். ஆடி மாதம் ஒருமுறை வழுக்கினான். அவனே போன் போட்டு, "பாய், போட்டுட்டேன்" என்றான். திட்டவில்லை. மறுபடியும் பேருந்தேறினோம். அதற்குப் பிறகு எட்டு மாதம் ஆகிறது. இப்போது மூட்டை தூக்குகிறான், மாத்திரை இல்லாமல்.

மிளகாய்ச் செடியில் இலை சுருண்டால் காட்டுக்கே தீ வைப்போமா? மனிதன் சுருண்டால் மட்டும் ஏன் மருந்தைத் தேடாமல் மதில் சுவரைத் தேடுகிறோம்?

விற்கிறவர்களைப் பற்றி ஒரு காவல் நிலையத்தில் சொன்னேன். "அந்த நாலுவழிச் சாலைப் பாலத்துக்கு அங்கன எங்க லிமிட் இல்ல பாய்" என்றார் ஒரு காவலர். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு எல்லை இருக்கிறது. ஓட்டப்பிடாரத்தில் சரக்கேற்றி, விளாத்திகுளத்தில் விற்று, கோவில்பட்டியில் உறங்குகிறவனுக்கு ஏது எல்லை?

தலைவர் அவர்களே, தீர்மானத்தைத் திருத்துங்கள். விற்கிறவனைத் தேட மூன்று வட்டத்துக் காவலர்களும் ஒரே குழுவாக இறங்கட்டும். விழுங்குகிறவன் அகப்பட்டால் முதலில் மருத்துவர் பார்க்கட்டும். இரண்டு பேருந்து மாறாமல் போய்ச் சேர நம் பக்கத்திலேயே நாலு கட்டில் போட்ட ஒரு வார்டு கேளுங்கள். மருந்துக்கடைக்காரர்களாகிய நாங்கள் சீட்டில்லாமல் கொடுக்க மாட்டோம், நடுங்கி நிற்பவனை விசாரிக்காமல் விரட்டவும் மாட்டோம் என்று எழுதுங்கள். முதல் கையெழுத்து நான் போடுகிறேன். அடுத்த கத்திக்குத்து விழாமல் இருக்க எனக்குத் தெரிந்த வழி இதுதான்.

கடைசியாக ஒன்று. லிங்கராஜ் வந்திருக்கிறான். "உள்ள வந்தா யாரும் ஏதும் சொல்லுவாவளோ" என்று மண்டபத்து வாசலிலேயே நிற்கிறான். கைதட்டல் வேண்டாம். வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் கொஞ்சம் நகர்ந்து அவன் உட்கார இடம் கொடுங்கள். அது போதும்.

எழுந்து நாற்காலி போடுகிற அந்த அம்மாவுக்கு நன்றி. பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. உங்கள் இல்லங்களில் அமைதி தங்கட்டும். வணக்கம்.

லிங்கராஜ், உள்ளே வாப்பா.